சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளுக்கான உளவியல் மதிப்பீடு: ஒரு தாயின் விமர்சனம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரில், கடைவீட்டு வரிசை ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய உளவியல் மையத்தில் என் மகளுக்குச் செய்துகொண்ட மதிப்பீட்டைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பிள்ளைக்கு வந்திருப்பது பதற்றமா, மனச்சோர்வா, ஓசிடி எனப்படும் கட்டாய எண்ணங்களும் செயல்களுமா, அல்லது மூன்றும் கலந்த ஒன்றா என்று புரியாமல் தவிக்கும் பெற்றோருக்கு இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம். மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டே பிள்ளை யார் என்பது வரை போய்விடுவார்கள். என் மகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதையும் அவளே சொன்னாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு செய்யப்பட்ட முறை மிகச் சிறப்பாக இருந்தது. எழுதிக் கொடுத்த அறிக்கை அந்தத் தரத்துக்கு வரவில்லை. கட்டணம் தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மகள் படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதலாம் ஆண்டில், படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடியும்வரை வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள், இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு வீட்டுப்பாடத்தை முடிக்க முடியாமல் நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தாள். ஓர் எழுத்தின் சுழி அவள் நினைத்தபடி வராவிட்டால் அந்த வரி முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதுவாள். அழிப்பான் உரசி உரசித் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க எழுத்து தெரிந்தது. சில இடங்களில் ஓட்டையே விழுந்திருந்தது. சாமி அறையில் போற்றி சொல்லும்போது ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவாள். படுக்கப் போகும்முன் "அம்மாவுக்கு ஒன்னும் ஆகாதுதானே?" என்று பாட்டியிடம் கேட்பாள். பாட்டி "ஒன்னும் ஆகாது சாமி" என்று சொன்னதும் சற்று அமைதியாகி, அடுத்த நிமிடமே மறுபடி கேட்பாள்.

உறவினர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். பள்ளி மாறியதால் வந்த பயம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். கோயில் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். மனநலம் என்ற பேச்சை எடுத்தவுடன் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "தஞ்சோங் ரம்புத்தானுக்கா கொண்டுபோகப் போறே?" என்பதுதான். பேராக் மாநிலத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். 1911இல் அந்த ஊரில் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்ற பெயரில் முறையான மனநலச் சிகிச்சையை அளித்து வருகிறது. ஆனாலும் மூன்று தலைமுறையாக அந்த ஊரின் பெயரை வசையாகப் பயன்படுத்திய பழக்கம் நம் வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை. பிள்ளைகளை உரிய வயதில் அழைத்துச் செல்லவிடாமல் தடுப்பதில் இந்தப் பேச்சுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. ஒரு வகுப்பறையில் நாற்பது பேர் இருந்தால் அதில் பத்துப் பேர் இருக்கக்கூடும்.

பள்ளியின் ஆலோசக ஆசிரியர் நடத்திய மனநலப் படிவத்தில் மகளின் பதற்ற மதிப்பெண் உயர்ந்திருந்தது. அவர் அழைத்துச் சொன்னது தெளிவாக இருந்தது: படிவம் ஓர் எச்சரிக்கை மட்டுமே, நோய் இன்னதென்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை, முறையாக மதிப்பிட வேண்டும். அதன் பிறகே இந்த மையத்துக்குப் போனோம்.

மருத்துவ உளவியலாளர் ஈப்போவிலிருந்து வார இறுதிகளில் மட்டும் வருகிறார். எங்களுக்கு முறை கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. முதல் அமர்வு பெற்றோருக்கு மட்டும். பிள்ளை பிறந்தது முதல் இன்றுவரை கேட்டார்: எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், வலிப்பு வந்ததுண்டா, தூக்கம் எப்படி, பூப்பெய்திய பிறகு ஏதேனும் மாறியதா, இரு பக்கக் குடும்பங்களிலும் இத்தகைய தொல்லை யாருக்கேனும் இருந்ததா என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறிகுறிகள் படிப்படியாக வந்தனவா, தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து ஓரிரு நாளில் திடீரென்று வெடித்தனவா என்றும் ஒரு கேள்வி. சில பிள்ளைகளுக்குத் தொற்றுக்குப் பிறகு இவை திடீரென்று தோன்றுவதுண்டு, அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர் என்று விளக்கினார். தைராய்டு, இரத்தச் சோகை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை அரசாங்கக் கிளினிக்கிலேயே செய்துகொண்டு வரச் சொன்னார். களைப்பையும் படபடப்பையும் மனத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன் உடலைப் பார்க்கச் சொன்ன அந்த ஒழுங்கு எனக்கு நம்பிக்கை தந்தது.

அடுத்த அமர்வில் மகளைத் தனியாகச் சந்தித்தார். அதற்கு முன் எங்கள் மூவரையும் உட்காரவைத்து, அவள் சொல்வதில் எது எங்களுக்கு வரும், எது வராது என்பதை அவள் முன்னிலையிலேயே சொன்னார். அவளுடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் கட்டாயம் சொல்வேன், மற்றவற்றை அவள் அனுமதித்தால் சொல்வேன் என்றார். "என்னை அக்கான்னே கூப்பிடலாம்மா" என்று அவர் சொன்னபோதுதான் மகள் நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு முழுவதும் தமிழிலேயே நடந்தது. பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் நன்றாகவே பதில் சொல்லக்கூடிய பிள்ளைதான். ஆனாலும் இரவில் வரும் பயத்தை அவள் வீட்டு மொழியில்தான் அறிந்திருக்கிறாள். அதைச் சொல்வதற்கும் அந்த மொழிதான் அவளுக்குக் கைகொடுத்தது. தமிழில் பேசும் உளவியலாளர் கிடைப்பது நம் வட்டாரத்தில் அரிது. இந்த மையத்தைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் நேரடியாகக் கேட்கப்போவதாக எங்களிடம் முன்கூட்டியே தெரிவித்தார். என் கணவர் தயங்கினார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, மாறாக ஏற்கெனவே அதைச் சுமக்கும் பிள்ளைக்கு வாய் திறக்க ஒரு வாசல் கிடைக்கிறது என்று அவர் விளக்கியதை, இதைப் படிக்கும் ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிவங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் மதிப்பீடு என்றாலே படிவம் நிரப்புவது என்று எண்ணுகிறார்கள். பதற்றத்துக்கு ஸ்கேர்டு எனப்படும் 41 வினாக்கள் கொண்ட படிவம் தரப்பட்டது. 8 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதைப் பிள்ளை தனியாகவும் பெற்றோர் தனியாகவும் நிரப்ப வேண்டும். எங்கள் இரண்டு படிவங்களும் ஒத்துப்போகவில்லை. அவள் கொடுத்த மதிப்பெண் நான் கொடுத்ததைவிட மிக அதிகம். இதில் யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு இடமில்லை என்றார் உளவியலாளர். உள்ளே இருக்கும் பயத்தைப் பிள்ளையே அறியும், வெளியே தெரியும் நடத்தையைப் பெற்றோர் அறிவர், இடைவெளி எங்கே என்பதே அவருக்கு வேண்டிய தகவல்.

ஓசிடிக்குப் பயன்படுத்தியது குழந்தைகளுக்கான யேல்-பிரவுன் அளவுகோல். இதைப் பிள்ளை கையில் கொடுத்து நிரப்பச் சொல்வதில்லை. உளவியலாளர் பேசிப் பேசி மதிப்பெண் இடுகிறார். முதலில் ஒரு நீண்ட அறிகுறிப் பட்டியல். பிறகு கட்டாய எண்ணங்களுக்கு ஐந்து கேள்விகள், கட்டாயச் செயல்களுக்கு ஐந்து. எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தடுக்கிறது, எவ்வளவு வேதனை தருகிறது, எதிர்த்து நிற்க முயல்கிறாளா, கட்டுப்படுத்த முடிகிறதா என்ற ஐந்தும் இரண்டு பக்கத்துக்கும் கேட்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. இந்த உரையாடல் மட்டுமே ஓர் அமர்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. எண்ணங்களை அடக்க அவள் எவ்வளவு போராடியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிய வந்ததும் இதன் வழியாகத்தான்.

சாமி அறைப் பழக்கத்தை அவர் கையாண்ட விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் என்ன வழிபாடு, எத்தனை முறை, யார் கற்றுக்கொடுத்தது என்று முதலில் எங்களிடம் கேட்டார். பிறகு மகளிடம், போற்றி முடிந்ததும் மனம் நிறைகிறதா என்று கேட்டார். நிறைவதில்லை, தவறாகச் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு விபத்து வரும் என்ற பயம்தான் கூடுகிறது என்றாள். பக்தியையும் நோயையும் பிரித்துக்காட்ட அந்த ஒரு பதிலே போதுமானதாக இருந்தது. கையிலிருந்த கயிற்றைப் பற்றி அவர் இழிவாக ஒரு சொல் சொல்லவில்லை. பூசாரியையோ பாட்டியையோ குறைகூறியிருந்தால் என் மாமியார் அடுத்த அமர்வுக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கமாட்டார்.

அறிவுத்திறன் சோதனையும் செய்துவிடலாமா என்று நாங்களே கேட்டோம். படிப்பில் திடீரென்று விழுந்ததற்கான காரணம் தெளிவாகத் தெரிகிறது, கற்றல் குறைபாட்டுக்கான அறிகுறி எதுவும் இல்லை, ஆகவே இப்போது தேவையில்லை என்று மறுத்துவிட்டார். கூடுதல் சோதனை என்றால் அவருக்குக் கூடுதல் வருமானம். அதை வேண்டாம் என்று சொன்ன நேர்மை எனக்குப் பெரிதாகப்பட்டது.

முடிவைச் சொல்லும் அமர்வில் மகளும் இருந்தாள். முதன்மையானது ஓசிடி, மிதமான நிலையில் இருக்கிறது. பதற்றத்தின் பெரும்பகுதி அதிலிருந்து கிளைத்தது. எரிச்சலும் அழுகையும் தோழிகளிடமிருந்து ஒதுங்கியதும் மனச்சோர்வின் தொடக்கமாக இருக்கலாம், ஓசிடி குறையும்போது அதுவும் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும் என்றார். பிள்ளைகளிடம் மனச்சோர்வு சோகமாக மட்டுமின்றி எரிச்சலாகவும் வெளிப்படும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். 2013இல் வெளியான, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, ஓசிடியைப் பதற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயத்தில் வைத்ததையும், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குவதோ வாழ்க்கையைக் கணிசமாகத் தடுப்பதோ அதற்கான அளவுகோல் என்பதையும் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும்படி சொன்னார். இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதன்று. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறுகிறது. ஓசிடிக்கு ஆறுதல் சொல்வது மருந்தாகாது, அது நோய்க்குத் தீனி போடுகிறது. பயத்தைத் தூண்டுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகும் பயிற்சியே அதற்கு உரிய உளவியல் சிகிச்சை. பாட்டியின் "ஒன்னும் ஆகாது சாமி" அன்பிலிருந்து வந்ததுதான் என்றாலும், அதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, அதற்குப் பதில் என்ன சொல்வது என்று பாட்டியையே அழைத்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்.

மருந்தைப் பற்றி மறைக்காமல் பேசினார். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சியையும் செர்ட்ராலின் மருந்தையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகள், இரண்டில் ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதைச் சொல்லி, மகளின் நிலையில் முதலில் பயிற்சியைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றார்.

இனி குறைகள். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அது செம்பனை ஆலையில் வேலை செய்யும் என் கணவருக்கோ, பிள்ளையோடு பகல் முழுவதும் இருக்கும் பாட்டிக்கோ பயன்படவில்லை. கேட்ட பிறகுதான் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும், பள்ளிக்கு மலாயில் ஒரு கடிதமும் கிடைத்தன. இவை கேட்காமலே வர வேண்டியவை. தேர்வில் கூடுதல் நேரம், எழுதியதைத் திருத்திக்கொண்டே இருக்காமல் தாளை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு போன்ற நடைமுறை உதவிகளை ஆசிரியரிடம் கேட்க அந்த மலாய்க் கடிதம்தான் உதவியது. ஆங்கில அறிக்கையை அங்கே யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்கேர்டு படிவத்தில் மதிப்பெண் 25ஐ எட்டினால் பதற்றக் கோளாறு இருக்கக்கூடும் என்ற எல்லை, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் பிள்ளைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. நேரில் பேசும்போது உளவியலாளர் இதை ஒரு தோராயக் கோடு என்றுதான் சொன்னார். அறிக்கையிலோ அந்த எண் எந்தக் குறிப்பும் இல்லாமல் தீர்ப்பு போல நிற்கிறது. அறிக்கை பள்ளிக்கும் வேறு மருத்துவருக்கும் போகக்கூடியது என்பதால், அவர் வாயால் சொன்ன நிதானம் எழுத்திலும் இருந்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் இடம் சரியில்லை. பக்கத்து அறையில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. மகளின் பள்ளித் தோழர்கள் அதே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். முகப்பில் இருந்த பெண் முழுப் பெயரைச் சொல்லி உரக்க அழைத்தபோது மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பெயருக்குப் பதில் எண் கொடுத்தால் காசு செலவாகாது.

கட்டணம், எல்லா அமர்வுகளும் அறிக்கையும் சேர்த்து, ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியது. 2025ஆம் ஆண்டு உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பம் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் இதற்காக எடுத்து வைக்க முடியாது. அவர்களுக்கு அரசாங்க வழி இருக்கிறது என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, பரிந்துரைக் கடிதம் பெற்றால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவு போன்ற நிபுணர் பிரிவுகளில் 5 ரிங்கிட்டுக்குப் பார்க்கலாம். காத்திருப்பு நீளும், ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர் அமைவார் என்று எதிர்பார்க்க முடியாது, தமிழில் பேசுபவர் கிடைப்பதும் வாய்ப்பைப் பொறுத்தது. ஆனால் மனநல மருத்துவர், உளவியலாளர், மருந்து ஆகியவை ஒரே கூரையின்கீழ் இருப்பது தனியார் மாடி அறையில் கிடைக்காத வசதி. பணம் இல்லை என்பதற்காக ஓராண்டு தள்ளிப்போடுவதைவிட அந்த வரிசையில் இன்றே பெயரைப் பதிவது மேல்.

தனியாரிடம் போவோர் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மதிப்பீடு செய்பவர் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற்றவரா? இத்துறை 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருகிறது. ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகிறார்கள். இருவரும் தேவையானவர்கள், ஆனால் ஒருவரின் வேலையை மற்றவர் செய்ய முடியாது. குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு "மனோதத்துவ நிபுணர்" என்று விளம்பரம் செய்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எங்கள் உளவியலாளரிடம் பதிவைக் கேட்டபோது அவர் சற்றும் முகம் சுளிக்காமல் காட்டினார். முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

போகும்போது பழைய பயிற்சி நூல்கள், பள்ளி அறிக்கை அட்டை, இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் விளக்க முடியாமல் திணறியதை ஓட்டை விழுந்த அந்தத் தாள்கள் உளவியலாளருக்கு உடனே காட்டின. பிள்ளையிடம் எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்து வந்த ஒரு சிறுவன் அமர்வு முழுவதும் வாய் திறக்காமல் இருந்ததை அங்கேயே பார்த்தோம்.

பிள்ளை சாக வேண்டும் என்று பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, மதிப்பீட்டு முறைக்குக் காத்திருக்கக் கூடாது. நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், அல்லது 999ஐ அழைக்க வேண்டும். பேசி ஆறுதலும் வழிகாட்டலும் பெற, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது. காவல்துறை வழக்கு வரும் என்று அஞ்சி மறைத்த குடும்பங்களை நான் அறிவேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லலாம்.